உண்டு, இல்லை என்னும் இரு தட்டுகள்

அரிக்கா, சிலி
மார்ச் 14

கொம்பாத்ரே ஃபெர்மின்,

என் மகள் நய்ராவைத் திருமுழுக்குத் தொட்டியருகே நீ கைகளில் ஏந்திய நாள்முதல் உன்னை இப்படித்தான் விளித்து வருகிறேன். இன்று அந்த விளி தொண்டையில் முள்ளாய்க் குத்துகிறது. எனினும் மாற்றமாட்டேன். ஞானத்தகப்பன் என்னும் உறவை ஒரு கூட்டத்தின் முடிவு முறித்துவிடாது. ஆனால், அந்த உறவை முன்னிட்டே உன் முகத்துக்கு நேரே சிலவற்றைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு.

நம் ஆய்வுக்குழுவின் நேற்றைய கூட்டத்தில் நடந்தது உனக்கு மறந்திருக்கலாம். மேசையைச் சுற்றி அமர்ந்து காப்பி குடித்தவர்களுக்கு மறதி எளிது. திரையின் மூலையில் அஞ்சல்தலை அளவில் ஒட்டிக்கிடந்த எனக்கு மறக்காது. தலைவர் ஹாலொரன், "வேற யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். நான் கை உயர்த்தினேன். பேசத் தொடங்கியும்விட்டேன். அப்போது நீ, வேறெவரும் அல்லர், நீதான், "எல்விரா சொல்றது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், மேல போகலாம்" என்றாய். மேலே போனார்கள். தரவுகளை அளக்கப்போகும் அளவுகோலை உறுதி செய்தார்கள். வாக்கெடுப்பும் முடிந்தது.

கூட்டம் முடிந்ததும் நய்ரா, "யாரும்மா உன்ன அழ வெச்சது?" என்று கேட்டாள். இது அழுகையன்று, சினம் என்றேன். எதற்கு என்றாள். அவளுக்குச் சொன்னதையே உனக்கும் எழுதுகிறேன், ஏனெனில் அவளுக்கு ஒரே முறையில் புரிந்தது.

இரண்டு அணுக்கருக்களை ஒளியின் விரைவுக்கு நெருக்கமாக ஓட்டிச் சற்றே விலக்கி மோதவிடுகிறோம். உரசிச் செல்லும் புரோட்டான்கள் எந்த விண்மீனிலும் காணாத காந்தப்புலத்தை எழுப்புகின்றன. இமைப்பதற்குள் என்று சொல்வதற்கும் முன்பே அது அணைந்துவிடுகிறது. நடுவே உருகிக் கொதிக்கும் துளியில் குவார்க்குத் துகள்கள் திரிகின்றன. செல்லும் திசையை ஒட்டிச் சில வலக்கைத் திருகாய்ச் சுழல்கின்றன. சில இடக்கைத் திருகாய்ச் சுழல்கின்றன. இரு கையும் சமமாயின் ஒன்றும் நிகழாது. ஒரு கை மிகுந்தால், அந்தப் புலம் நேர்மின்னை ஒரு பக்கமும் எதிர்மின்னை மறுபக்கமும் பிரித்துத் தள்ளும். அந்தப் பிரிவு உண்மையிலேயே உண்டா என்பதே நம் வினா. பன்னிரண்டு ஆண்டுகளாக நம் இருவரையும் உறங்கவிடாத வினா.

போலிகள் பல. ஒரு தாய்த்துகள் உடைந்து நேர்மின்னும் எதிர்மின்னுமாய் இரு பிள்ளைகளைப் பெற்றாலும், துளியின் ஓட்டத்தில் மிதக்கும் அவை அதே பிரிவைப்போல் நடிக்கும். ஆகவே ருத்தேனியம், சிர்க்கோனியம் என்னும் இரு கருக்களைத் தேர்ந்தோம். எடை ஒன்றே. முன்னதில் புரோட்டான்கள் மிகுதி, காந்தப்புலமும் மிகுதி. மற்றவை யாவும் சமம் என்றால், ருத்தேனியத்தின் பிரிவைச் சிர்க்கோனியத்தின் பிரிவால் வகுத்து, விடை ஒன்றுக்கு மேல் வந்தால் விளைவு உண்டு, வராவிட்டால் இல்லை. தரவுகளின் பெயரை மறைத்து, கண்ணைக் கட்டிக்கொண்டு ஆய்ந்து, பிறகுதான் பெட்டியைத் திறப்போம். அழகிய ஏற்பாடு. ஆனால் "மற்றவை யாவும் சமம்" என்று எழுதிய கை யாருடையது?

சமமில்லை, ஃபெர்மின். இங்குள்ள அசாப்பா பள்ளத்தாக்கின் ஒலிவக்காய் இரண்டை எடையில் சமமாய்ப் பொறுக்கி எடு. ஒன்று சதைப்பற்றானது, மற்றொன்று இறுகியது. நசுக்கினால் இரண்டும் ஒரே அளவு எண்ணெய் தருமா? சிர்க்கோனியம் பஞ்சுபோல் விரிந்த விளிம்புடையது; ருத்தேனியம் இறுகியது. இறுகியது மோதினால் துகள்கூட்டம் பெரிதாகும். கூட்டம் பெரிதானால் போலியின் பங்கு நீர்த்துப்போகும். இதுவே என் முதல் திருத்தம். இரண்டாவது, கொத்தாய்ப் பீறிடும் துகள்கள் ஓட்டத்தின் அளவையே கலப்படம் செய்கின்றன, அதையும் கழிக்கவேண்டும். இரண்டும் சேர்ந்ததே கோல். கணக்குத் தாள்களை மீண்டும் இணைத்திருக்கிறேன். பெட்டி திறக்கும் முன் இவற்றைச் சேர்த்துவிடு.

இந்தச் சோதனை ஓட்டம் முடிந்ததும், கருக்களை ஓட்டும் வளையத்தைப் பிரித்துவிடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். இந்தக் கருக்களை மீண்டும் மோதவிடுவார் எவருமில்லை. நம் கட்டுரை எதைச் சொல்கிறதோ அதுவே கடைசிச் சொல்.

எல்விரா

பின்குறிப்பு: அங்கே வரும் ஒருவர் கையில் பிஸ்கோ மதுப்புட்டி ஒன்று கொடுத்தனுப்புகிறேன். வழக்கப்படி காப்பி அறைப் பந்தயத்தில் வை. டிசம்பரில் நய்ராவுக்குக் கோயிலில் உறுதிபூசுதல் சடங்கு. ஞானத்தகப்பன் தோளில் கை வைத்து நிற்கவேண்டிய நாள்.

*

ஆய்வுக்கூடக் குடியிருப்பு
மார்ச் 29

கொமாத்ரே எல்விரா,

உன் கடிதம் இங்குள்ள பனியை உருக்கும் வெப்பத்தோடு வந்து சேர்ந்தது. முதலில் சினந்தேன். பிறகு, உன் முன்னால் நின்று திட்டு வாங்கிய பழைய நாள்களை எண்ணிச் சிரித்தேன். சிரித்ததனால் விடை மென்மையாகும் என்று எண்ணாதே.

தெற்கில் அமர்ந்து இடி முழக்குவது எளிது. நீ அரிக்காவுக்குத் திரும்பிய பிறகு எழுத்துக்குழுவின் தலைமை என் தலையில் விழுந்தது. ஒவ்வொரு கிழமையும் ஒருவர் புதுத் திருத்தத்தோடு வருகிறார். ஒவ்வொருவருக்கும் அவரவர் திருத்தமே திருத்தம். தாழ்வாரத்தில் ஹாலொரன் என்னை நிறுத்தி, "இன்னைக்கு எல்விரா ஒரு கணக்கு கொண்டு வருவா, நாளைக்கு இன்னொருத்தன் கொண்டு வருவான். பெட்டிய எப்பய்யா திறக்கிறது?" என்றார். அதில் பொய் எங்கே இருக்கிறது?

இந்தத் துறையின் கடந்த காலத்தை நீ அறிவாய். காண விரும்பியவர்கள் கண்டார்கள். எந்தத் துகளை எண்ணுவது என்னும் வெட்டு எல்லையைச் சற்று நகர்த்தினார்கள், துகள்களைச் சற்றுப் பொறுக்கினார்கள், விளைவு பூத்தது. எதிராளிகள் வேறு பக்கம் நகர்த்தினார்கள், வாடியது. அந்த வெட்கக்கேட்டுக்கு முடிவு கட்டவே கண்ணைக் கட்டிக்கொண்டோம். முன்னரே எழுதிய கோலை எந்த நெருக்கடியிலும் தொடமாட்டோம் என்று சூளுரைத்தோம். உன் கணக்கு நல்ல கணக்காகவே இருக்கலாம். ஆனால் கருக்களின் விளிம்பைப் பற்றி ஆளுக்கொரு கோட்பாடு இருக்கிறது. எதை நம்பிக் கோலைத் திருத்துவது?

இதையும் சொல்லிவிடுகிறேன், மனம் நோகட்டும். உன் வாழ்நாள் உழைப்பு முழுதும் அந்தப் பிரிவு உண்டென்பதில் இருக்கிறது. கோல் உன் பக்கம் சாயவேண்டும் என்று நீ விரும்புவதை நண்பன் மன்னிப்பான். அறிவியல் மன்னிக்காது.

புட்டி வந்தது. காப்பி அறை அலமாரியில் மேல்தட்டு "உண்டு", கீழ்த்தட்டு "இல்லை". உன்னுடையதை "உண்டு" தட்டில் முன்வரிசையிலேயே வைத்தேன். உனக்கு வேறெங்கே இடம்?

டிசம்பரைப் பற்றி இப்போது உறுதி சொல்ல இயலவில்லை. பணி அட்டவணை வரட்டும்.

ஃபெர்மின்

*

அரிக்கா
ஆகஸ்ட் 20

ஃபெர்மின்,

பெட்டி திறந்த கணத்தில் நானும் திரையில் இருந்தேன். புள்ளிகள் ஒவ்வொன்றாய்த் தோன்றின, எல்லாம் ஒன்றுக்குக் கீழே. ஹாலொரன் எழுந்து, "சரி. இல்ல. வீட்டுக்குப் போலாம்" என்றார். சிலர் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை என்பதைக் கண்டேன். அதற்காகவே இந்தக் கடிதம் எழுதப்படுகிறது, இல்லையேல் எழுதியிருக்கமாட்டேன்.

ஒன்றுக்குக் கீழே என்றால் என்ன பொருள் என்று அந்த அறையில் ஒருவராவது கேட்டாரா? வலிய புலம் குறைந்த பிரிவையும், மெலிந்த புலம் மிகுந்த பிரிவையும் தந்திருக்கிறதாம். விளைவே இல்லாவிட்டாலும் விடை ஒன்றில் அல்லவா நின்றிருக்கவேண்டும்? அதற்கும் கீழே ஏன் இறங்கியது? எங்கள் துறைமுகத்தில் தராசுமுள் வெறுந்தட்டுக்கும் கீழே இறங்கினால் மீனை எவரும் குறை சொல்வதில்லை. தராசைத் தட்டிப் பார்ப்பார்கள். பெரும் பட்டங்கள் சூடிய உங்கள் அவையில் தராசைத் தட்டிப் பார்க்கும் அளவு ஐயம்கூட எவருக்கும் எழவில்லை.

துகள்கூட்டத்தின் அளவு வேறுபடும் என்றேன். வேறுபட்டிருக்கிறது. எவ்வளவு என்று மார்ச்சில் எழுதினேனோ, பிழைவரம்புக்குள் அவ்வளவே. இதைச் சொல்லி மகிழவில்லை. மகிழ்ந்தால் சிறியவளாவேன். ஆனால் நேற்று எழுத்துக்குழுவின் வரைவு வந்தது. அதன் முடிவுரையில், வலிய காந்தப்புலம் இடவலத் தன்மையின் வழியே மின்னைப் பிரிக்கும் விளைவு "இல்லை" என்று எழுதியிருக்கிறாய். செய்தியாளருக்கான குறிப்பிலும் அதே சொல். ஃபெர்மின், கோணல் கோலால் அளந்து, பிறந்ததா என்றே தெரியாத ஒன்றுக்கு இறப்புச் சான்று எழுத உனக்கு யார் அதிகாரம் தந்தார்கள்? வளையத்தைப் பிரிக்கும் ஆட்கள் வாயிலில் காத்திருக்கிறார்கள். இந்த ஒரு சொல் அச்சேறினால் இந்த வினாவை எழுப்ப இனி எவருக்கும் ஒரு மணி நேர ஓட்டமும் கிடைக்காது. தேடித் தோற்றால் அது தேடியவரின் தோல்வி. தேடாமலே மூடுவது கயமை.

சூளுரையை மீறச் சொல்லவில்லை. உறுதி செய்த கோலின் விடையை அப்படியே அச்சிடு. ஓர் எழுத்தும் மாற்றாதே. அதன் அருகில், பெட்டி திறக்கும் முன்பே குழுவின் கையில் இருந்த என் இரு திருத்தங்களையும் இட்டு, அவை தரும் விடையையும் அச்சிடு. "இல்லை" என்ற சொல்லை அடித்துவிடு.

மறுத்தால் என் பெயரை நீக்கு. நம் பெயர்கள் அகரவரிசையில் நிற்பவை. என்னை எடுத்தால் இடைவெளியும் விழாது. அடுத்தவர் ஒரு படி ஏறிக்கொள்வார்.

இன்னொன்று. கோல் என் பக்கம் சாயவேண்டும் என்று விரும்புகிறேன் என எழுதினாய். என் பக்கம் எது என்று உன்னிடம் எப்போது சொன்னேன்?

எல்விரா

*

ஆய்வுக்கூடக் குடியிருப்பு
செப்டம்பர் 6

என் அருமைக் கொமாத்ரே,

விரைவாக எழுதுகிறேன். உன் கடிதத்தை எழுத்துக்குழுவில் வைத்தேன். முணுமுணுத்தார்கள். முதல் திருத்தத்தை இட்டுப் பார்ப்பதில் இழப்பில்லை என்றேன். இட்டோம். புள்ளிகள் அனைத்தும் ஏறின. ஒன்றுக்கு மேலே, எல்விரா. ஒன்றுக்கு மேலே.

ஹாலொரன் ஓடிவந்து, "எங்க எல்விரா? அவளக் கூப்பிடு. பெரிய மாநாட்டுல அவதான் பேசணும்" என்றார். "மேல போகலாம்" என்று உன்னைத் தடுத்தவன் நான் என்பதை நினைவூட்டினேன். "அட விடுய்யா, ஜெயிச்சவங்க கணக்குப் பாக்க மாட்டாங்க" என்றார். கட்டுரையின் தலைப்பை மாற்றிவிட்டோம். "முதல் அறிகுறி" என்று தொடங்குகிறது. "உண்டு" தட்டுக்காரர்கள் கோப்பைகளைக் கழுவி அடுக்கிவிட்டார்கள்.

இரண்டாவது திருத்தம் சிக்கலானது, பிழைவரம்பும் பெரிது. அதைப் பின்னொரு கட்டுரைக்கு ஒதுக்கலாம் என்பது எல்லோருடைய கருத்தும். எண்களை இணைத்திருக்கிறேன். உன் ஒப்புதலை உடனே அனுப்பு. உன் பல்கலைக்கழக முதல்வருக்கும் செய்தி போயிருக்கிறது.

நீ வென்றாய்.

ஃபெர்மின்

*

அரிக்கா
செப்டம்பர் 9

ஃபெர்மின்,

நான் எதை வென்றேன்?

மார்ச்சில் ஒரு முழுக்கோலை உங்கள் முன் வைத்தேன். அது கண்கட்டியிருந்த காலம். எவருக்கும் எதுவும் தெரியாது. அதனால் அந்தக் கோல் தூயது. வேண்டாம் என்றீர்கள். இப்போது கண்ணைத் திறந்து, எந்தப் பாதி இனிக்கிறது என்று நக்கிப் பார்த்து, இனிக்கும் பாதியை வெட்டி எடுத்துக்கொண்டு, கசக்கும் பாதியைப் "பின்னொரு கட்டுரைக்கு" என்று கடலில் எறிகிறீர்கள். காண விரும்பியவர்கள் கண்டார்கள் என்று எனக்குப் பாடம் எழுதியவன் நீ. அந்த வெட்கக்கேட்டுக்கு முடிவு கட்டச் சூளுரைத்தவன் நீ. ஆறு திங்கள்கூட ஆகவில்லை. சூளுரை "இல்லை" என்று சொன்னபோது கல்லாய் நின்றது. "உண்டு" என்று சொல்ல வாய்ப்பு வந்ததும் வெண்ணெயாய் உருகிவிட்டது. சொல், கொம்பாத்ரே என்று அழைக்கும் வாயால் இதை நான் என்னவென்று அழைப்பது?

நீ இணைத்த எண்களைக்கொண்டு இரண்டாவது திருத்தத்தை நானே இட்டேன். எங்கள் குழுவினர் இருவர் தனித்தனியே இட்டுச் சரிபார்த்தார்கள். கொத்துத் துகள்களின் கலப்படத்தைக் கழித்தால், விளைவே இல்லாவிட்டாலும் விடை எங்கே நிற்கவேண்டுமோ அந்தக் கோடு மேலே ஏறுகிறது. உங்கள் புள்ளிகளைத் தொட்டுவிடுகிறது. கோட்டுக்கும் புள்ளிக்கும் நடுவே எஞ்சுவது பிழைவரம்பு மட்டுமே. இருக்கிறது என்றும் சொல்ல இயலாது. இல்லை என்றும் சொல்ல இயலாது. இந்தக் கருக்கள், இந்த அளவு தரவு, இதற்குமேல் வாய் திறக்க மறுக்கின்றன. அவற்றின் வாயில் நாம் சொல்லைத் திணிக்கலாகாது.

உன் செய்தி முதல்வருக்கு எட்டியதன் பயனையும் கேள். நேற்று உள்ளூர் நாளிதழிலிருந்து ஓர் இளைஞர் ஒளிப்படக் கருவியோடு வந்தார். "டாக்டர், நம்ம ஊருக்கே பெருமை. அந்த விஷயம் இருக்கா இல்லையா? ஒரே வார்த்தைல சொல்லுங்க, தலைப்புக்கு வேணும்" என்றார். "ஒரே வார்த்தைல சொல்ல முடிஞ்சா நான் எதுக்குப்பா இவ்வளவு வருஷம் மண்டைய உடைச்சிக்கிட்டேன்?" என்றேன். சிரித்தார். "அப்ப நாளைக்கு வரட்டுமா?" என்றார். படம் எடுக்கவிடாமல் அனுப்பினேன். மாலையில் முதல்வர் அழைத்து, மண்டல ஆய்வு நிதிக் குழு இந்த வாரம் கூடுகிறது, இப்படியொரு நேரத்தில் இப்படியொரு பிடிவாதமா என்றார். என் குழுவினர் இருவரின் ஊதியமும் அந்த நிதியில் இருக்கிறது. அவர்கள் முன்னிலையிலேயே, பிடிவாதம்தான் என்று விடை சொன்னேன். இருவரும் தலை குனியவில்லை. அந்தப் பெருமை எனக்குப் போதும்.

நான் உண்டென்பதற்காகப் போராடுகிறேன் என்று நீ எண்ணினாய். உலகமும் அப்படித்தான் எண்ணியது. நான் போராடியது கோலுக்காக. விடை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தான் சாயாத கோலுக்காக. "இல்லை" என்று நீ எழுதியபோது எரிந்த அதே நெருப்பு, "முதல் அறிகுறி" என்று நீ எழுதும்போதும் எரிகிறது. இரு திருத்தங்களும் ஒருங்கே அச்சேறவேண்டும். இல்லையேல் என் பெயர் அந்தத் தாளில் இருக்கலாகாது. மாநாட்டில் பேசமாட்டேன். பேச வைத்தால், இந்தக் கடிதத்தையே படிப்பேன்.

எல்விரா

*

ஆய்வுக்கூடக் குடியிருப்பு
அக்டோபர் 17

கொமாத்ரே,

ஒரு திங்களாக எழுதவில்லை. எழுதும் தகுதியைச் சேர்க்கக் காலம் பிடித்தது.

உன் கடிதம் வந்த மறுநாள் இரண்டாவது திருத்தத்தை நானே தனியாக இட்டேன். நீ சொன்ன இடத்திலேயே வந்து நின்றது. அன்று காப்பி அறைக்குப் போக மனம் வரவில்லை. அங்கே கழுவி அடுக்கிய கோப்பைகள் இருந்தன.

முழுக்குழுவின் கூட்டத்தைக் கூட்டச் சொன்னேன். உன் மார்ச் மாதத் தாள்களைத் திரையில் காட்டினேன், இரு திருத்தங்களையும், பெட்டி திறக்கும் முன் வந்த நாளோடு. தலைப்பைத் திரும்பப் பெறாவிட்டால் எழுத்துக்குழுவின் தலைமையை விட்டுவிடுவேன், கட்டுரையில் பெயரும் இடமாட்டேன் என்றேன். கூச்சல் பெரிது. "ரெண்டு பேரும் சிலிக்காரங்க, சேந்துக்கிட்டாங்க" என்று ஒருவர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. சேர்ந்திருந்தால் மார்ச்சிலேயே முடிந்திருக்கும் என்று விடை சொன்னேன். ஹாலொரன் நெடுநேரம் தாள்களைப் புரட்டினார். பிறகு கேட்டார்: "அப்ப பன்னெண்டு வருஷம் ஓடினதுக்கு நம்ம கையில என்னய்யா மிச்சம்?"

"அடுத்தவன் எங்க இருந்து ஆரம்பிக்கணும்ங்கிறது" என்றேன்.

அவர் தாள்களை அடுக்கி என் பக்கம் தள்ளினார். பிறகு, "போட்டுடு" என்றார். வாக்கெடுப்பில் குறைந்த வேறுபாட்டில் தேறியது. உறுதி செய்த கோலின் விடை மாறாமல் இருக்கிறது. அதன் கீழே உன் இரு திருத்தங்களும் உன் பெயரோடு இருக்கின்றன. முடிவுரை இப்படி நிற்கிறது: "இந்தத் தரவுகள் அவ்விளைவை நிறுவவும் இல்லை, மறுக்கவும் இல்லை, அதைக் கண்டறிய இன்னும் பன்மடங்கு மோதல்களும், கருக்களின் வடிவைப் பற்றிய துல்லியமான அறிவும் வேண்டும்."

செய்தியாளருக்கான குறிப்பைக் கைவிட்டார்கள். இதில் செய்தி இல்லையாம். உன் ஊர் நாளிதழும் இனி வராது. நிதிக் குழு என்ன சொல்லும் என்று அறியேன். அவர்களுக்கு நான் தனியே எழுதியிருக்கிறேன், உன்னைக் கேட்கவில்லை, இதற்கும் திட்டு.

வளையத்தைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். சுரங்கத்திலிருந்து காந்தங்கள் ஒவ்வொன்றாய் வெளியேறுகின்றன. பந்தயத்தில் வென்றவர் எவருமில்லை என்பதால் எல்லோரும் தத்தம் புட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். "உண்டு" தட்டில் உன்னுடையது மட்டும் தனியாய் நிற்கிறது. அங்கே வைத்தவன் நான். நீ சொல்லி வைக்கவில்லை. இப்போதாவது கேட்கிறேன். அதைக் கீழ்த்தட்டுக்கு மாற்றட்டுமா?

ஃபெர்மின்

*

அரிக்கா
அக்டோபர் 25

கொம்பாத்ரே,

என் பெயர் இருக்கட்டும்.

அகரவரிசையில் எனக்குரிய இடத்தில், எவருக்கும் மேலும் அன்று, எவருக்கும் கீழும் அன்று. அந்த முடிவுரையைக் குழுவினருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். நிதி பாதியாய் வந்திருக்கிறது. இருவரையும் வைத்துக்கொண்டேன். என் சினம் முழுதும் ஆறிவிட்டது என்று எண்ணாதே. "எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்" என்றாயே, அந்த ஒரு வரிக்கு நேரில் வந்துதான் கணக்குத் தீரும்.

புட்டியைப் பற்றிக் கேட்டாய். அதை அனுப்பியபோது எந்தத் தட்டு என்று நான் எழுதவில்லை, எனக்கே தெரியாது. பன்னிரண்டு ஆண்டு தேடியவளுக்கு அது தெரிந்தேயிருக்கும் என்று நீ முடிவு செய்தாய். கீழ்த்தட்டுக்கும் மாற்றாதே. திறக்கவும் திறக்காதே. வேறொரு நாட்டில் வேறொருவர் வேறொரு வளையம் கட்டுவார், பெட்டி திறக்கும், அன்று நாமிருவரும் இருந்தால் அதன் இடத்தைப் பார்த்துக்கொள்வோம். இப்போதைக்கு உன் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்து, உடையாமல் அரிக்காவுக்குக் கொண்டு வா.

டிசம்பர் நெருங்குகிறது. வெள்ளை உடை தைத்தாயிற்று. ஞானத்தகப்பன் வருவாரா, மாட்டாரா என்று நய்ரா நாளும் கேட்கிறாள். பிழைவரம்பு, தரவுப் பற்றாக்குறை, பணி அட்டவணை என்றெல்லாம் அவளிடம் சொல்ல என்னால் ஆகாது. இந்த ஒன்றுக்காவது ஒரே சொல்லில் விடை எழுது.

எல்விரா